எழுபத்து நான்கு மில்லிமீற்றர்

1.

இந்தக் கதை இரண்டு ஆசிச் செய்திகளுக்கு நடுவில் பிறந்தது. மரக்காலையடி நூற்றாண்டு மலரில் மொத்தம் பன்னிரண்டு ஆசிச் செய்திகள். வாழ்த்து ஒன்றுதான், படங்கள் மட்டும் வேறு. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையில் இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதென்று 'ஊரின் வரலாறும் காலநிலையும்' எழுதித் தரச் சொன்னார்கள். தந்தேன். அதில் ஒரு வசனம் பொய். அந்த வசனத்தைத் திருத்த உட்கார்ந்தது இப்படி நீண்டுவிட்டது.

2.

முதல் தொடக்கம்: 'பச்சைப் பட்டுடுத்திய மலைமகளின் மடியிலே…' (வேண்டாம். அவள் உடுத்தியிருந்ததை உரித்து விற்ற ஊர் இது.)

இரண்டாம் தொடக்கம்: கண்டிப் பக்கம் பன்வில தாண்டி, பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு சந்தி. எட்டுக் கடை, ஒரு பள்ளிவாசல், ஒரு கோயில், செடி முளைத்த ஓர் அறுவை இயந்திரம். கொழும்பு வீடுகளுக்குக் கதிரையும் அலுமாரியும் ஆவதற்கு மரங்கள் இங்கிருந்து இறங்கிப் போயின. மரம் முடிந்ததும், அதை அறுத்து விற்ற மரக்காலையை மூடினார்கள். பெயரும் மழையும் மிஞ்சின.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3.

பழைய மரக்காலைக் கந்தோர்க் கட்டடத்தில் பஹீம் இரும்புக் கடை வைத்திருக்கிறார். தினமும் காலை எட்டரைக்குக் கொல்லைப்புறத்து மழைமானியை அளந்து, கொப்பியில் எழுதி, மாவட்டக் காரியாலயத்துக்குத் தொலைபேசியில் சொல்வார். அவருடைய வாப்பா மரக்காலையில் கிளார்க். அந்தக் காலத்தில் ஒரு கட்டளை இருந்தது: ஒரு நாளில் மூன்று அங்குலத்துக்கு மேல் மழை பெய்தால் மர லொறிகள் மலைப்பாதையில் இறங்கக் கூடாது. லொறி நின்றால் ஊரே நிற்கும். ஆகவே மரக்காலையடியில் மூன்று அங்குலத்துக்கு மேல் மழை பெய்வதில்லை என்று வாப்பா முடிவெடுத்தார். வானம் இணங்காத நாட்களில் பேனா இணங்கியது.

"மூணுக்கு மேல எழுதப் போவாத மகன்" என்று சொல்லித்தான் கொப்பியைக் கையளித்தார். லொறிகள் போய் இருபத்தைந்து வருஷமாகிறது. மூன்று அங்குலம் எழுபத்தாறு மில்லிமீற்றரானது. பஹீம் எழுபத்து நான்கைத் தாண்டவில்லை.

ஏன்? இந்தப் பாத்திரத்தை நம்ப எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஒரு நாள் உண்மையை எழுதினால் வாப்பா எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும் என்று அவர் பயந்ததாக முதலில் எழுதினேன். (அழகான காரணம். அதனால் சந்தேகமாக இருக்கிறது. கை பழகிவிட்டது என்பதே போதும்.)

அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் நான் மலரில் எழுதினேன்: 'இங்கு எந்த நாளும் எழுபத்தைந்து மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்ததில்லை, இதமான காலநிலை.'

4.

கார்த்திகை மாதத்து ஒரு காலை பஹீம் அளந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. சொன்னது எழுபத்து நான்கு. நூற்றைம்பதைத் தாண்டினால் சரிவில் இருப்பவர்களை உடனே பள்ளிக்கூடத்துக்கு இறக்குவார்கள். எழுபத்து நான்குக்கு யாரும் கதிரையை விட்டு எழும்பமாட்டார்கள்.

பத்தேகாலுக்கு மரக்காலைக்கு மேலிருந்த சரிவு இறங்கியது. மூன்று பேர் போனார்கள். ஒருவர் கறுப்பையாவின் மனைவி சுப்பம்மா. அந்த நேரத்தில் அவர் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டு…

(அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. கறுப்பையா தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்தார். வெட்டிவிட்டேன்.)

5.

விசாரணை அறிக்கையின் வரைவு வந்தது. எழுபத்து நான்கு மில்லிமீற்றர் மழைக்கு அந்த மலை சரியாது. குடியிருப்பாளர்கள் மலசலகூடம் கட்ட மண் வெட்டியதே காரணம். இது ஆபத்து வலயமல்ல. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் எஞ்சிய பதினொரு குடும்பங்களும் வீடு திரும்பலாம். ஆதாரம் ஒன்று: பஹீமின் கொப்பி. ஆதாரம் இரண்டு: நூற்றாண்டு மலர், என் கட்டுரை.

என் எழுத்தை ஒருவர் மேற்கோள் காட்டியது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை விசாரணையில், அளவு சரியென்று பஹீம் கையெழுத்து வைத்தால் அறிக்கை முடிந்தது.

6.

ஞாயிறு காலை கறுப்பையா கடைக்கு வந்தார். தறப்பாள் வேண்டுமாம்.

"எத்தின அடி?"

"பதினஞ்சு போதும் பஹீம் நானா. இஸ்கூல்ல கூர ஒழுகுது. அதுவும் ரெண்டு நாளைக்குத்தான். எல்லாரையும் வீட்டுக்கே போகச் சொல்லப் போறாங்களாமே."

பஹீம் சுருளை விரித்து, கத்திரிக்கோலை எடுத்தார்.

"நானா, ஒன்னு கேக்கணும். கக்கூசுக்கு மண்ணு வெட்டுனதாலதான் மலை வந்துச்சுன்னு விசாரணைக்கு வந்த பெரிய ஐயா சொல்றாரு. அவதான் கேட்டா. இருட்டுல வெளிய போக பயமா இருக்குன்னு நச்சரிச்சா. நாந்தான் வெட்டுனேன். ஒரு வாரம் வெட்டுனேன்."

பஹீம் தறப்பாளில் அடி எண்ணிக்கொண்டிருந்தார். ஏழிலிருந்து மறுபடி ஒன்றுக்கு வந்தார்.

"அன்னிக்கி மழை கொஞ்சந்தானாம். எனக்கு என்னமோ வாளியால ஊத்துன மாதிரிதான் இருந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன். அளக்குறவரு நீங்க. நீங்க சொன்னா சரி. நாந்தானா அவள கொன்னேன்?"

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பஹீமின் மனைவி ஜஹானா கதவடிக்கு வந்தார். எழுபத்து நான்கின் கதை அவருக்குத் தெரியும். கலியாணமான நாளிலிருந்து தெரியும்.

"கேட்டதுக்கு பதில செல்லுங்களேன். அவர் இப்ப தறப்பாளயா கேட்டாரு?"

7.

முதல் முடிவு: பஹீம் சொல்லிவிடுகிறார். அழுகிறார். கறுப்பையா அவர் தோளில் கை வைத்து, "விடுங்க நானா…"

(எழுதி முடித்துப் படித்தேன். பதின்மூன்றாவது ஆசிச் செய்தி. கிழித்துவிட்டேன். மன்னிக்கும் வேலையையும் கறுப்பையாவின் தலையிலா கட்டுவது?)

இரண்டாம் முடிவு: பஹீம் தறப்பாளை வெட்டுகிறார். பதினைந்து கேட்டவருக்குப் பதினெட்டு அடி. காசு வேண்டாமென்று கையசைக்கிறார். "ஆண்டவன்ட நாட்டம், கறுப்பையா. நீங்க மனச விட வாணாம்." கறுப்பையா கும்பிட்டுவிட்டுப் போகிறார், மண்ணை வெட்டியவராகவே. செவ்வாய்க்கிழமை கையெழுத்து. அதற்கடுத்த மழைக்குப் பதினொரு குடும்பங்கள்.

நடக்கக்கூடியது இதுதான். எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் முடிவு: நானே போய்ச் சொல்வது. அதற்கு அந்த இரண்டு பக்கங்களையும் எழுதியவன் நான்தான் என்று தொடங்க வேண்டும். கண்டி பஸ் நிலையம் வரை போனேன். அங்கிருந்து…

8.

ஆகவே பஹீம் கத்திரிக்கோலோடு நிற்கிறார், கறுப்பையா அவர் வாயைப் பார்த்தபடி நிற்கிறார். இதற்கு மேல் நான் எழுதவில்லை. அன்று எவ்வளவு மழை என்று இப்போது உங்களுக்கும் தெரியும். பஹீம், ஜஹானா, நான், நீங்கள். நாலு பேர்.

விசாரணை செவ்வாய் காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூட மண்டபத்தில். பன்வில போய் பஸ் மாற வேண்டும். மரக்காலையடி கடைசித் தரிப்பு. கறுப்பையா முன்வரிசைக் கதிரையில் உட்காரமாட்டார். பின்னால், வாசலோரம் நிற்பார். அவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடமிருக்கும்.