விறகுக் கொட்டகையில் பதினோரு பேர்

மாரப்பன் சாரின் வகுப்பில் அன்று ஒரு பிள்ளைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கட்டபெட்டு பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து பாடம் பார்க்க வந்த ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு. கேள்வி முடியுமுன் இருபது கைகள் எழுந்தன. எல்லாத் தலையிலும் எண்ணெய் வழிந்தது.

மாதம் ஒரு சனிக்கிழமை ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பது நான் தொடங்கிய ஏற்பாடு. பாராட்டக் கூடாது; எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று மட்டும்தான் பேச வேண்டும். சட்டம் போட்டவளும் நான்தான்.

அந்த மாதம் இன்னொரு வேலையும் இருந்தது. இதே பள்ளியில் படிக்கும் சின்னம்மைக்குப் பன்னிரண்டு வயது. இலங்கைத் தோட்டத்தில் நாலாம் வகுப்பு முடித்தவள். சான்றிதழ் இல்லாமல் கப்பலில் வந்ததால் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் நால்வரும் அவளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றுவதாக இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் திங்கட்கிழமை அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவாள். அவள் அப்பா வீரையா எஸ்டேட்டில் சொல்லி வைத்துவிட்டார்.

"சின்னம்மை எங்கீங்க சார்?"

"காய்ச்சலுங்க டீச்சர். லீவு" என்றார் மாரப்பன் சார்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். விறகுக் கொட்டகையில் பதினோரு பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். எல்லாம் கப்பலில் வந்தவர்கள். ஒரு சின்னவனின் வாயைப் பொத்திக்கொண்டு சின்னம்மை முன்னால் இருந்தாள்.

"சத்தம் போட வேணாமுன்னு சார் சொன்னாங்க. கூட்டம் முடிஞ்சிருச்சுங்களா டீச்சர்?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பதினோரு பேரையும் வகுப்புக்குள் கூட்டிவந்து நிறுத்தினேன். பிள்ளைகள் இருப்பதையும் மறந்து கத்தினேன். நீங்களெல்லாம் வாத்தியாரா என்று கேட்டேன்.

"அதுக நாலு பேரு முன்னால வாயே தொறக்காதுங்க. நமக்குத்தான கெட்ட பேரு" என்றார் மாரப்பன் சார்.

நான் மறுபடி வாயெடுக்குமுன், என்னோடு பாடம் பார்க்க வந்திருந்த சில்வஸ்டர் சார் மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் அரவேணுல உங்க ஸ்கூல்ல உங்க பாடம் பாத்தோம். கடைசி ரெண்டு பெஞ்சு காலியா இருந்துதுங்க டீச்சர்."

இருந்தது. நல்ல துணி இல்லாத பிள்ளைகளுக்கு நான்தான் லீவு கொடுத்தேன். அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை நானே அறையலாம் போலிருந்தது. அந்தக் கோபத்தோடுதான் சாக்பீஸை எடுத்துச் சின்னம்மையிடம் நீட்டினேன். 4872ஐ 24ஆல் வகுக்கச் சொன்னேன்.

நாற்பத்தெட்டில் இரண்டு முறை என்று போட்டாள். கழித்தாள். அடுத்த இலக்கமான ஏழை இறக்கினாள். அங்கே கை நின்றது.

"ஏழுக்குள்ள இருபத்துநாலு போகாதுங்க டீச்சர். அதுக்கு மேல சொல்லித்தர முந்தி நாங்க கப்பலேறிட்டோம்."

மாரப்பன் சார் என்னைப் பார்த்தார். நான் எண்ணெய்த் தலைகளின் பக்கம் திரும்பினேன். "மேல என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. காலையிலிருந்து அவர் கொடுத்த கணக்கு எதிலும் விடையின் நடுவில் பூஜ்யம் வரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்களில் மூன்றாமவரான சாந்தாமணி டீச்சர் எழுந்தார். "எங்க பசங்களும் இதே எடத்துலதான் நிக்கறாங்க. பூஜ்யம் போடுன்னு சொல்லிட்டு நான் போயிருவேனுங்க. ஏன் போடணும்னு ஒருநாளும் சொன்னதில்ல." கரும்பலகை அருகில் போய் நின்றுகொண்டார். "இது வரைக்கும் எப்படிப் போட்டே? சொல்லு கண்ணு."

சின்னம்மை முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நடுவில் நிறுத்தவே இல்லை. சுவரோரம் நின்ற மற்றப் பத்துப் பேருக்கும் பெஞ்சில் யாரும் இடம் விடவில்லை. அவர்கள் நின்றபடியே கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்குப் போக வேண்டிய தாளில் நான்கு பெயர்கள், நான்கு கோடுகள். என் கோட்டில் தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மாரப்பன் சார் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. கரும்பலகையில் தனியாக நின்ற ஏழையே பார்த்துக்கொண்டிருந்தார்.