ஜெர்சியின் பின்பட்டை

பைன்மோர் ஹேமர்ஸ் எட்டு வருடம் உயிரோடு இருந்தது. சம்பளத்துக்கு ஆடிய ஐஸ் ஹாக்கி அணி. ஒரு கோப்பைகூட ஜெயித்ததில்லை. கடைசி முதலாளி பாதி சீசனில் அணியைக் கலைத்தபோது ஆட்டக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவேண்டிய பஸ்ஸையும் அவன் விற்றிருந்தான். இந்தக் கேவலத்துக்குத்தான் எங்கள் ஊரில் வருடா வருடம் நினைவு ஆட்டம்.

அந்தக் காலத்தில் அரங்கம் நிறைந்தது என் அப்பா ரெய்னோவால். அவர் மொத்தமே மூன்று கோல்தான் போட்டார். அதில் ஒன்று முதுகில் பட்டு உள்ளே போனது. அப்பாவின் வேலை அடிப்பது, அடி வாங்குவது. அவரும் எதிரணி அடியாளும் கையுறையைக் கழற்றி வீசிக் குத்துச்சண்டையில் இறங்கினால், பார்க்க வந்த ஊர்க் காகித ஆலையே எழுந்து நின்று கத்தும்.

இப்போது அப்பா அடுப்பை அணைக்க மறக்கிறார். செத்துப்போன எங்கள் நாய் டார்சியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்.

போன வாரம் ரசிகர் மன்றத் தலைவர் வீட்டுக்கு வந்தார். டயர் கடை க்ளென்.

"டேய் ரெய்னோ, உன் பழைய எதிரி டூபே வர்றான்டா! டிக்கெட் பூரா போயிடுச்சு. சும்மா ரெண்டு குத்து விட்டுக்கோங்க."

"அப்பாவுக்கு இனிமே தலையில அடியே படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு அங்கிள்."

"அது தலையா? கான்க்ரீட்டும்மா!"

"அப்ப நீங்க போய் வாங்கிக்கோங்களேன்."

"எனக்கு முட்டி சரியில்லம்மா."

அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

சண்டைக்காரர்களின் ஜெர்சிக்கு உள்ளே, பின்பக்கம் ஒரு பட்டை இருக்கும். அதைக் கால்சட்டையோடு பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாத ஆட்டக்காரரை நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். அது விதி. ஆட்டம் நாளைக்கு. இன்று சாயங்காலம் அந்தப் பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டேன். இனி அப்பாவை உள்ளேயே விடமாட்டார்கள் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி.

அண்ணன் ஈரோவிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"லூசு! சண்டை போட்டப்புறம்தான்டி வெளியே அனுப்புவாங்க. அதுக்குள்ள டூபே ஜெர்சியைப் பிடிச்சு அப்பா தலைக்கு மேல இழுத்துடுவான். கையும் மாட்டிக்கும், கண்ணும் தெரியாது. அப்புறம் இஷ்டத்துக்குக் குத்துவான். அப்படி ஆகக்கூடாதுன்னுதான் பட்டையே!"

"அப்ப நீயாவது அப்பாவைத் தடுடா."

"ஊரே வருது. நான் எப்படி?" அவனும் டிக்கெட் வாங்கியிருந்தான்.

அப்பாவிடமே ஓடினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இதுக்கா அழற? நான் ஆடலடி. போதுமா? க்ளென்கிட்ட காலையில நானே சொல்லிடறேன்."

காபி குடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டார்சி, நாளைக்கு டூபே வர்றானாமே! என் ஜெர்சி எங்கம்மா?"

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். ஸ்கேட்டை ஒளித்தால் க்ளென் வேறு ஜோடி கொண்டுவருவார். குப்பைத் தொட்டியைக் கிளறிப் பட்டையை எடுத்தேன். மடியில் ஜெர்சி, அதில் அந்த அசட்டுச் சுத்தியல் சின்னம். இரட்டை நூல் கோத்துத் தைக்கிறேன். தையல் மட்டும் பிரியக்கூடாது. குத்து எங்கிருந்து வருகிறதென்று அப்பாவுக்குக் கண்ணாவது தெரியட்டும்.