நாற்பத்தோரு வினாடி

இரண்டே பேர் இருந்த அந்த நிறுவனத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘பூட்டு’. கண்ணாடி இழையில் ஒளித்துகளை ஒவ்வொன்றாக அனுப்பி, அதிலிருந்து ரகசியச் சாவி உண்டாக்குவது அவர்கள் தொழில். நடுவில் எவனாவது எட்டிப் பார்த்தால் துகள் கெட்டுப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு செய்திக்கு ஒரு சாவி. ஒருநாளுக்குள் திறக்காவிட்டால் சாவி தானாக அழியும்; நகல் கிடையாது. அந்த விதியை எழுதியவன் பூட்டுதான். நகல் ஒன்று வைக்கலாம் என்று கூட்டாளி தலைப்பாடாக அடித்துக்கொண்டான். “நகல் வச்சா அது பூட்டு இல்லடா, கதவுக்கு நகை” என்று இவன் ஒற்றைக்காலில் நின்றான்.

வாடிக்கையாளர் யாரும் சிக்காததால், இரண்டு தெரு தள்ளியிருந்த பூட்டுவின் அப்பா வீட்டுக்கே இழையை இழுத்து ஒரு பெட்டி வைத்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

“என்கிட்ட என்னடா ரகசியம் இருக்கு? சர்க்கரை அளவு ஒண்ணுதான். அதையும் உங்க அக்கா ஊருக்கே சொல்லிட்டா.”

ஆனாலும் தினமும் பெட்டியில் பேசி அனுப்புவார். குழாய் ஒழுகுது, சாப்பிட்டியா, முடி வெட்டிக்கோ. எந்த உளவாளியாலும் எட்ட முடியாத தகவல்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒன்று வந்தது. நாற்பத்தோரு வினாடி. வங்கிக்காரர்களுக்குச் செய்துகாட்டும் வேலை கழுத்தை நெரித்தது. குழாய்தானே, ஒழுகட்டும் என்று விட்டுவிட்டான். சாயங்காலம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

எல்லாம் முடிந்த நான்காம் நாள் அக்கா கேட்டாள். “தம்பி, அன்னிக்கு கதவைச் சாத்திக்கிட்டு அந்தப் பெட்டில பேசினார்டா. என்னப்பான்னேன். அவன்கிட்ட சொல்லிட்டேன்னார். என்ன சொன்னார்?”

“இன்னும் கேக்கலக்கா.”

“போய்க் கேளு. எனக்கும் சொல்லு.”

செய்தி இருந்தது. சாவி புதன்கிழமையே செத்திருந்தது. மூலைமுடுக்கெல்லாம் துருவினான். எச்சில்கூட மிச்சம் வைக்காத நிரல், அவன் எழுதியதாயிற்றே.

அடுத்த திங்களன்று வங்கி அனுப்பிய நிபுணர் வந்தார். மூன்று நிறுவனங்களின் பூட்டை உடைத்து, அவற்றை மூடவைத்த அம்மையார். உடைத்துப் பார்க்க ஒரு செய்தி கேட்டார். பூட்டு அப்பாவுடையதை நீட்டினான்.

“வேற ஏதாவது கொடுக்கலாம்டா” என்றான் கூட்டாளி.

“இதுவே இருக்கட்டும்.”

அம்மையார் ஐந்து நாள் உட்கார்ந்தார். கேட்ட வரைபடத்தையும் கேட்காத வரைபடத்தையும் பூட்டு கொண்டுபோய்க் கொடுத்தான். எங்கே பலவீனம் இருக்கலாம் என்று தானே சுட்டிக்காட்டினான். கூட்டாளி அவனை வராந்தாவுக்கு இழுத்துப்போனான். “நீ நம்ம கட்சியா, அந்தம்மா கட்சியா? உடைஞ்சா நாம நடுத்தெருவுலடா.” பூட்டு அடுத்த வரைபடத்தை எடுக்க உள்ளே போனான்.

வெள்ளிக்கிழமை அம்மையார் கணினியை மூடினார். “வெறும் இரைச்சல்தான் வருது. இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. நாங்க வாங்கிக்கிறோம்.”

கூட்டாளி நாற்காலியில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டான். பூட்டு நின்றுகொண்டே இருந்தான்.

“மேடம், திங்கக்கிழமை வரைக்கும் பாருங்களேன். அவசரமில்ல.”