சன்னல் வெட்டிய அட்டை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. "ஊர்ல இருக்கறவங்க கதையெல்லாம் எழுதறே, என் கதைன்னா இளக்காரமா?" என்று அக்கா கேட்டாள். ரோஷம் வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'கண்ணீரில் நனைந்த பாடப்புத்தகத்தோடு அந்தச் சிறுமி...'

(வேண்டாம். அக்கா அழுமூஞ்சி இல்லை. அவளுக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்த அப்பாதான் அழுதார்.)

2

அவளுக்கு வரிகள் ஒரு இடத்தில் நிற்காது. மேல்வரியில் தொடங்கிய கண் கீழ்வரிக்கு நழுவிவிடும். 'மக்கு' என்று பட்டம் கட்டிய பள்ளி, ஒரே வகுப்பில் மறுபடியும் உட்கார வைத்தது. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி சன்னல் வெட்டி, பக்கத்தின் மேல் நகர்த்தினாள். மற்ற வரிகள் வாயை மூடிக்கொண்டன.

அந்த அட்டையோடு கல்லூரி தாண்டி, கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆகும் பயிற்சியிலும் சேர்ந்தாள். செய்முறைத் தேர்வில்தான் இரண்டு தடவை கோட்டை விட்டாள். 'டீச்சரே அட்டை வைத்துப் படிப்பதா' என்று வெட்கப்பட்டு, அதை வெளியே எடுக்காமல் வாசித்துத் தடுமாறியதுதான் காரணம். மூன்றாவது, கடைசி வாய்ப்பு.

(இங்கே ஒரு காதலனை நுழைக்கப் பார்த்தேன். "அவன் எதுக்குடா நடுவுல?" என்றாள். தூக்கிவிட்டேன்.)

3

இந்த முறை வெட்கத்தை விட்டுவிட்டாள். ஆனால் கிளம்பிய படபடப்பில் அட்டையைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டாள்.

எதிரே பிள்ளைகள், கடைசி நாற்காலியில் தேர்வாளர். வாசிக்க வேண்டிய பக்கத்தில் வரிகளுக்குள் தள்ளுமுள்ளு. அக்கா தன் பாடத்திட்டத்தின் மேல்தாளை எடுத்து நடுவில் சன்னல் கிழித்தாள்.

"என்னம்மா பண்றீங்க? அதுக்கு மார்க் இருக்கு!"

"இது இல்லாம எனக்குப் படிக்க வராது மேடம்."

முன்னால் இருந்த சிறுமி எழுந்து வந்தாள். "உங்களுக்குமா மிஸ்? அப்ப எனக்கும் கிழிச்சுத் தாங்க."

பிறகு எல்லாருக்கும் வேண்டுமாம். பாடத்திட்டம் மொத்தமும் சன்னல்களாகிப் போனது. அக்கா ஒரு வரிகூட நழுவாமல் வாசித்தாள். இதை எழுதும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

4

முடிவு ஒன்று: தேர்வாளர் எழுந்து நின்று கைதட்ட... (சினிமா.)

முடிவு இரண்டு: திட்டத்தைக் கிழித்ததற்காக அவர் பூஜ்ஜியம்... (அக்கா உதைப்பாள்.)

கடைசியில், தேர்வாளர் சொன்னதையும் போட்ட மார்க்கையும் நடந்தது நடந்தபடி கையால் எழுதி, நேற்று கதையை அக்காவிடம் கொடுத்தேன். வகுப்பு முடிந்து வந்தவளின் புடவையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"உன் அட்டை எங்கே?"

"இன்னிக்குப் புதுசா ஒருத்தி சேர்ந்தா. அவகிட்ட இருக்கு."

சொல்லிக்கொண்டே என் கடைசித் தாளை உருவி, நடுவில் சன்னல் கிழித்து, முதல் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"ஐயோ அக்கா, அதுலதான் முடிவு இருந்தது!"

"சும்மா இரு. படிச்சிட்டு இருக்கேன்ல."

திரும்ப எழுத எனக்கு மனமில்லை. முடிவு இருந்த இடத்தில் இப்போது ஒரு வரி அளவுக்கு ஓட்டை இருக்கிறது. உங்களுக்கு வரி நழுவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.