இடது கன்னம்

பஸ்ஸில் ஏறினால் தவராசா வலப்பக்க யன்னலோர இருக்கையைத்தான் தேடுவார். அங்கே இருந்தால் வலக்கன்னம் கண்ணாடிப் பக்கம் போய்விடும். பக்கத்தில் யார் வந்து இருந்தாலும் அவர்கள் காண்பது இடக்கன்னத்தை மட்டும்.

போன வருடம் ஒரு காலை, வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. முகவாதம் என்றார் டொக்டர். சில கிழமைகளில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். பாதிதான் சரியானது. வலக்கண் இன்னும் முழுதாக மூடாது. சும்மா இருந்தாலும் நீர் ஊறும். சிரித்தால் வாயின் இடப்பக்கம் மட்டும் மேலே போகும். அதனால் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார். குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிற தொழில் அவருக்கு. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து நிற்கலாம். அது வசதியாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் துஷ்யாவுக்குக் கலியாணம் சரிவந்தது.

ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். மறுமலர்ச்சிக் காலத்து ஓவியம் அவளுடைய பாடம். என்ன படித்தவள் என்று சனம் கேட்டால், "பழைய இத்தாலிக்காரரின்ர முகங்களைப் பற்றி" என்பார் தவராசா.

"தாரை வார்க்கிறதை அக்காவும் அண்ணையும் செய்யட்டும்," என்றார் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில்.

அக்கா என்றது அவர் மனைவி யோகமலரின் தமக்கையை. அண்ணை, அந்தத் தமக்கையின் கணவர் கணேஸ்வரன். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, நீர் வார்த்துக் கொடுப்பது தாயும் தகப்பனும் சேர்ந்து செய்கிற காரியம். இருவரில் ஒருவர் இல்லாத வீட்டில்தான் வேறு சோடியைக் கேட்பார்கள்.

யோகமலர் கறிச்சட்டியை மூடினாள்.

"ஏன், நீங்கள் செத்தோ போட்டியள்?"

"மேடையில எல்லாரும் பாப்பினம்."

"பாக்கத்தானே கூப்பிடுறம்."

துஷ்யா தகப்பனின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை படப்பிடிப்புக்காரப் பெடியன் சுஜீத் லப்டொப்புடன் தோர்ண்டன் ஹீத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தான். மோதிரம் மாற்றிய அன்று எடுத்த படங்களைக் காட்ட.

"அங்கிள், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. முகத்தைச் சரிபண்ணிப் போட்டன்."

தவராசாவின் முகத்தில் நல்ல பாதியை வெட்டி, அதையே திருப்பி மற்றப் பக்கத்தில் ஒட்டியிருந்தான். முகம் நேராகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்திலும் இருந்தது. தலையில் இரண்டு வகிடு.

யோகமலர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்தாள்.

"இது ஆர்?"

"அங்கிள்தான், அன்ரி."

"என்ர மனிசனுக்கு ஒரு மச்சந்தான், தம்பி."

சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுஜீத்துக்கும் வந்தது. தவராசா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. உள்ளங்கையால் வாயின் வலப்பக்கத்தை மூடிக்கொண்டு சிரித்தார். யோகமலர் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

"இந்தாளோட நான் ஒரு நாளும் சீவிக்கேல்லை," என்றாள். "இந்தப் படத்தை அழியும், தம்பி."

அந்த மாதம் ஒரு வியாழன் மத்தியானம் ட்ரஃபால்கர் சதுக்கத்து ஓவியக்கூடத்தில் துஷ்யாவின் பேச்சு இருந்தது. தவராசாவுக்கு அன்று பிம்லிக்கோவில் வேலை. ஓடு காயும் வரைக்கும் செய்ய ஒன்றுமில்லை. கையைக் கழுவி, மேல்சட்டையை மாற்றிக்கொண்டு போனார். கடைசி வரிசையில், வலப்பக்கச் சுவரோடு ஒட்டிய கதிரையில் இருந்தார்.

மகள் நிதானமாகப் பேசினாள். அவருக்கு விளங்கியது.

ஒரு காலத்தில் ஓவியத்தில் முகம் என்றால் தெய்வத்தின் முகம், புனிதரின் முகம். படத்துக்குக் காசு கொடுத்த மனிதன் ஒரு மூலையில் சின்னதாக முழங்காலில் நிற்பான். பிறகு சிலர் பழைய கிரேக்க, லத்தீன் ஏடுகளைத் தேடிப் படித்தார்கள். மானுடவாதிகள் என்று அவர்களுக்குப் பெயர். மனிதன் இந்த மண்ணில் வாழுகிற வாழ்க்கையும் பார்க்கத் தக்கது, எழுதத் தக்கது, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தக்கது என்றார்கள். அதற்குப் பிறகு வியாபாரியும் வாத்தியாரும் தையற்காரனும் தங்கள் முகத்தோடு படத்துக்குள் வந்தார்கள்.

திரையில் ஒரு படம் வந்தது. சிவப்புத் தொப்பி. பக்கவாட்டில் ஒரு முகம். மூக்கின் மேற்பகுதி வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது. கன்னத்தில் மருக்கள்.

இவர் ஒரு கோமகன், என்றாள் துஷ்யா. பெரிய நூலகம் வைத்திருந்தவர். குதிரையேறி ஈட்டியோடு மோதும் பந்தயம் ஒன்றில் வலக்கண் போய்விட்டது. எந்த ஓவியத்திலும் இடப்பக்கத்தைத்தான் காட்டுவார். ஆனால் மூக்கைத் திருத்தச் சொல்லவில்லை. மருக்களை அழிக்கச் சொல்லவில்லை. உள்ள முகத்தைக் காட்டுவதில் அவ்வளவு தூரம் வந்துவிட்டார். அவர் காலத்திலேயே படங்களில் மற்றவர்கள் மெல்லத் திரும்பத் தொடங்கினார்கள். பக்கவாட்டில் இருந்தவர்கள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, எங்களைப் பார்த்துத் திரும்பினார்கள்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

இவர் மட்டும் திரும்பவேயில்லை, என்றாள். இவரை ஒருதரும் கூப்பிடவில்லையோ என்று நான் நினைப்பதுண்டு.

கூட்டம் கலைந்ததும் துஷ்யா நேராகக் கடைசி வரிசைக்கு வந்தாள்.

"நீங்கள் வரேக்கையே கண்டனான்," என்றாள். "சுவரோட ஒட்டினபடி."

"ஓடு காயுது. அதுதான் வந்தனான்."

பின்னேரம் இருவரும் விக்டோரியாவில் ரயில் ஏறினார்கள். அவருக்கு வலப்பக்க யன்னலை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் இருந்தாள். க்ளாப்பம் ஜங்ஷனில் ரயில் நின்றபோது அவர் கேட்டார்.

"அந்தச் சிவப்புத் தொப்பி மனிசனுக்குப் பிள்ளையள் இருந்ததோ?"

"கன பெட்டையள். ஒரு மகன்."

"அவையின்ர கலியாணத்துக்குப் போயிருப்பாரோ?"

"போகாமல்? இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிண்டிருப்பார்."

தவராசா யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அப்ப நானும் அப்பிடி நிக்கிறன்," என்றார்.

துஷ்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் இடுக்கில் ஓட்டுப்பசை காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டியபடி வந்தாள்.

கலியாணத்துக்கு முன்னால் மண்டபத்தைப் பார்க்க அளவுநாடாவோடு போனார் தவராசா. பெண்ணின் தாய் தகப்பனுக்கான பலகை எங்கே வரும், சனம் எங்கே இருக்கும் என்று ஐயரிடம் கேட்டார். இருந்து பார்த்தார். எழும்பினார். திரும்பவும் இருந்தார். இடக்கன்னம் சபைப் பக்கம் வந்தது. அது போதும். சுஜீத்திடமும் வாக்கு வாங்கினார்: அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுப்பது, முகம் நேரே வந்தால் எடுப்பதில்லை.

"என்ன, தவராசா," என்றார் கூட வந்த கணேஸ்வரன், "கலியாணம் உமக்கோ மகளுக்கோ? மாப்பிள்ளை கூட இவ்வளவு ஆங்கிள் பாக்கேல்லை."

"நீங்கள் வடிவான ஆள், அண்ணை. உங்களுக்கு விளங்காது."

"அது உண்மை," என்றார் கணேஸ்வரன்.

கலியாணத்தன்று எல்லாம் அளந்தபடி நடந்தது. தவராசா பலகையில் இருந்து நேரே பார்த்தார். முன்னால் ஓமகுண்டத்துப் புகை. யோகமலர் பட்டுச் சேலையில் பக்கத்தில் இருந்தாள். இடக்கன்னத்தில் சபையின் பார்வை படுவது அவருக்குத் தெரிந்தது. அதை அவர் தாங்கினார்.

நாதஸ்வரம் மாறியது. மண்டப வாசலில் துஷ்யா. சனம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிற்று. சுஜீத் கமராவோடு பின்பக்கமாக நடந்து வந்தான். தவராசா திரும்பவில்லை. சேலையின் சரசரப்பைக் கேட்டார். தோழிகள் குசுகுசுத்ததைக் கேட்டார். மேடையின் முதற்படியில் சத்தம் நின்றது.

ஓமம் எரிந்தது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா," என்றாள் துஷ்யா. சாதாரணமாக, வீட்டு மாடிப்படியில் நின்று கூப்பிடுகிற மாதிரி. "கை தாங்கோவன். படி உயரமாக் கிடக்கு."

படி உயரமில்லை. தோழிகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். அதெல்லாம் தவராசாவுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்போது அவர் எழும்பி, திரும்பி, கையை நீட்டியிருந்தார்.

மகளுக்குப் பின்னால் மண்டபம் முழுவதும் இருந்தது. எல்லா முகங்களும் அவர் முகத்தைப் பார்த்தன. ஒன்றும் நடக்கவில்லை. மருதாணிக் கை அவர் கைக்குள் வந்தது. துஷ்யா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. வழக்கம்போல ஒரு பக்கமாக மேலே போனது. மற்றக் கையில் உத்தரியத்தைப் பிடித்திருந்தார். வாயை மூடக் கை மிச்சமில்லை.

படியடியில் நின்ற சுஜீத் கமராவைக் கீழே இறக்கினான். வாக்குக் கொடுத்தவன்.

வலக்கண் எப்போதும்போல ஊறிக்கொண்டிருந்தது. இப்போது இடக்கண்ணும் ஊறியது.

"ஏன் தம்பி நிப்பாட்டினனீர்?" என்றார் தவராசா. "எடும்."