இரும்புக்காரன் போட்ட தோய்ச்சல்

சார்த்தேபாரியில் எங்கள் அப்பா ஹலிராமின் வெண்கலப் பட்டறையைத் தெரியாதவர் கிடையாது. அவருக்கு நான் ஒரே பெண், பீனாபாணி. ஊர் முழுக்க வெண்கலம் தட்டுகிற பையன்கள் இருக்க, நான் போய் அக்கரையில் இரும்படிக்கிற டிம்பேஸ்வர்மேல் ஆசை வைத்தேன். அரிவாள் தீட்டக் கொண்டு போனவள் மனசையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். என் நேரம்!

அப்பா குதித்த குதி கொஞ்சமில்லை. மீன் குழம்பைக்கூடத் தொடாமல் நான் அடம்பிடித்த பிறகுதான் இறங்கி வந்தார்.

"சரி, வரச் சொல்லு. என் பட்டறையில ஒரு கிண்ணம் அடிக்கட்டும். தட்டினா அது பாடணும். பாடிச்சுன்னா போட்டாவுல வெத்தலை பாக்கு வெச்சு நானே நீட்டுறேன். இல்லேன்னா வந்த வழியே போயிடணும். கிண்ணம் பாடுற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

போட்டா என்கிற காலுள்ள வெண்கலத் தட்டில் அப்பா கையால் வெற்றிலை பாக்கு வந்தால்தான் கல்யாணம் நிச்சயம். வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தேன்.

டிம்பேஸ்வர் வந்தான். குறட்டில் பிடித்து அவன் திருப்பித் திருப்பிக் கொடுக்க, போலா சித்தப்பாவும் மற்றவர்களும் சுத்தியலைப் போட்டார்கள். சிவப்பு மங்கினால் மறுபடி அடுப்பு, மறுபடி அடி. கிண்ணம் அழகாக எழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாகச் சிவக்கக் காய்ச்சி எடுத்தபோது அப்பா தொட்டியைக் காட்டினார். "ம், தோய்ச்சல் போடு."

சிவக்கக் காய்ந்ததைத் தண்ணீரில் முக்குவதற்குத்தான் தோய்ச்சல் என்று பெயர். கொல்லனும் போடுவான், நாங்களும் போடுவோம். டிம்பேஸ்வர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தான்.

"என்கிட்டயேவா மாமா? தோய்ச்சல் போட்டா விறைச்சுக்கும், தட்டினா சில்லுச் சில்லாப் போயிடும். நான் பொறந்ததே உலைக்களத்துல."

இரும்பு விறைக்கும். வெண்கலத்தைத் தானாக ஆறவிட்டால்தான் உடையும், முக்கினால் உடையாது. இந்தப் புத்திசாலிக்கு யார் சொல்வது? நான் இருமினேன். அவன் திரும்பவில்லை. நெஞ்சு கிழிகிற மாதிரி இருமினேன்.

"தொண்டை கட்டியிருக்கா பீனா? இஞ்சி வெச்சுக்கோ" என்றான் அந்த மடையன், கிண்ணத்தைச் சாம்பலில் பத்திரமாக வைத்தபடி.

ஆறியதும் அப்பா ஒரு தட்டுத் தட்டினார். சடக்! கிண்ணம் இரண்டாகப் போயிற்று.

"நான்தான் போடச் சொன்னேனே! தோய்ச்சல் போட்டா வெண்கலம் இளகும்டா, இரும்பு மண்டையா. கிளம்பு, கிளம்பு." அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "போலா, இவனுக்கு வேலைன்னா என்னன்னு காட்டுவோம்." தானே செய்து வைத்திருந்த புதுச் சுத்தியலை எடுத்து, அடைகல்லில் அதிகாரமாக ஓங்கிப் போட்டார்.

ணங்! சுத்தியலின் மூலை தெறித்துப் போலா சித்தப்பாவின் காதோரம் பறந்தது.

"அய்யோ, என் காது!" சித்தப்பா தடவிப் பார்த்துக்கொண்டார். "இருக்கு, இருக்கு. அண்ணே, உங்க சுத்தியல் தெறிக்காத நாளே கிடையாதா?"

"இரும்பு சரியில்லடா" என்றார் அப்பா.

கிளம்பின டிம்பேஸ்வர் நின்றான். உடைந்த மூலையை எடுத்துப் பார்த்தான். "இதுக்குத் தோய்ச்சல் போட்டீங்களா மாமா?"

"போடாம? தோய்ச்சல் போட்டாத்தானேடா உடையாது!"

பட்டறையே கொல்லென்று சிரித்தது. அப்பாவுக்குத் தான் சொன்னது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. மீசை துடித்தது, பிறகு அவரே சிரித்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டிம்பேஸ்வர் கேட்காமலே அடுப்படியில் உட்கார்ந்தான். சுத்தியலைக் காய்ச்சி, தெறித்த இடத்தைத் தட்டிச் சரிசெய்து, மறுபடி காய்ச்சித் தோய்த்தான். "இதோட நிறுத்தினா தெறிக்கத்தான் செய்யும். விறைப்பைக் கொஞ்சம் இறக்கணும்." சுத்தியலின் முகத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, தணலோரம் வைத்தான். வைக்கோல் நிறம் ஏறியதும் மறுபடி தண்ணீர். அப்பா அடைகல்லில் அடித்துப் பார்த்தார், இன்னும் ஓங்கி அடித்தார். சுத்தியல் அசைந்து கொடுக்கவில்லை.

"எனக்கு நீ கத்துக் குடுத்துட்ட, நான் உனக்குக் குடுக்கலேன்னு இருக்கக் கூடாது. பிடிடா குறட்டை" என்றார்.

மறுபடி வெண்கலம் சிவந்தது. அந்தச் சுத்தியலாலேயே அப்பா அடித்தார், டிம்பேஸ்வர் திருப்பினான். கிண்ணம் எழுந்ததும் கடைசியாகச் சிவக்கக் காய்ச்சி, யாரும் சொல்வதற்குமுன் தொட்டியில் முக்கினான். சுர்ரென்று ஆவி கிளம்பியது. அப்பா கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரலால் சுண்டினார்.

பாடியது. அம்மாடி, எப்படிப் பாடியது! நாமகர் என்கிற பஜனைக் கூடத்தில் கேட்கிற தாளம் மாதிரி, ஓயவே மனசில்லாமல் பாடியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி நான் பேசலாம். "இஞ்சியா வெச்சுக்கணும்?" என்று தொடங்கி அவனை நாலு கேள்வி கேட்க எத்தனை நேரமாகக் காத்திருந்தேன்! சந்தோஷமாக வாயைத் திறந்தேன். வெறும் இருமல்தான் வந்தது.

அப்பா உள்ளே போய்ப் போட்டாவை எடுத்து வந்து, வெற்றிலை பாக்கோடு டிம்பேஸ்வர்முன் இரண்டு கையாலும் நீட்டினார்.

"எடுத்துக்குங்க மாப்ளே. அப்படியே அவளுக்குக் கொஞ்சம் இஞ்சியும் குடுங்க."