விளிம்பில் ஒரு நசுங்கல்

பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். என் கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய வேலை மேஜைக்கு அடியில் கிடந்ததையெல்லாம் ஒழித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக மிஞ்சியது ஒரு சீலிங் ஃபேன், இறக்கை இல்லாத வெறும் உருண்டை. இருபத்திரண்டு வருஷமாக அது அங்கேதான் கிடந்தது. எப்போது கேட்டாலும் "ஸ்பேர் வரணும்" என்பார்.

தூக்கும்போது உள்ளே ஏதோ புரண்டது. திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். செம்புக்கம்பி இருக்க வேண்டிய இடத்தில், அவருடைய பழைய பனியனில் சுற்றி, ஒரு மீன்பிடி ரீல்.

தூண்டில் கோலில் மாட்டி நரம்பு சுற்றுகிற சக்கரம். பித்தளை. உள்ளங்கை அகலம். விளிம்பில் ஓரிடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு நசுங்கியிருந்தது. அதைத் தொட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரே தேடிய ரீலுக்கு அடையாளமே அந்த நசுங்கல்தான்.

அவர் தூண்டில் சாமான் கடையில் மெக்கானிக்காக இருந்தார். எங்கள் ஊர்ப் பல் டாக்டர் தன் அப்பா விட்டுப்போன ரீலை எண்ணெய் போட அந்தக் கடையில் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, அது காணோம் என்றார் கடைக்காரர். கையை என் கணவர் பக்கம் நீட்டினார். போலீஸ் வந்து எங்கள் தலையணையைக்கூடக் கிழித்துப் பார்த்தது. கிடைக்கவில்லை. கேஸ் நிற்கவில்லை, பெயர் மட்டும் நின்றது. அவருக்கு ஊர் வைத்த பெயர் "ரீலு". பொய் சொல்கிறவனுக்கும் அதே பெயர்தானே, அதனால் சொல்கிறவர்களுக்கு இரட்டைச் சந்தோஷம். அப்புறம் சாகும்வரை வீட்டிலேயே ஸ்டவ்வும் தையல் மிஷினும் பழுது பார்த்தார்.

ஒருமுறை எனக்குக் கடைவாய்ப்பல் வலி. பல் டாக்டரிடம் போனேன். டோக்கன் முடிந்துவிட்டது என்றார்கள். எனக்குப் பின்னால் வந்த ஐந்து பேரை உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் வேறு ஊரில் பிடுங்கிக்கொண்டு, துணியில் ரத்தத்தைத் துப்பியபடி திரும்பினேன். கடைக்காரரையும் டாக்டரையும் ஒரே இடத்தில் நிற்கவைத்துத் தலைகுனியப் பண்ணாமல் சாகமாட்டேன் என்று அந்த பஸ்ஸில்தான் நினைத்தேன். அந்த நினைப்பை நான் ஆறவிட்டதே இல்லை.

ஆனால் அவர் ஒருநாளும் "நான் எடுக்கலை" என்று சொன்னதில்லை. சொல்லுங்களேன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "சொன்னா நம்பிடப்போறாங்களா" என்பார். ரோஷம் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்த ரீல் என் மடியில் கிடந்தது. வாசலில் நின்றவரை இன்னொரு நாள் வரச் சொன்னேன்.

நாத்தனாருக்கு மட்டும் காட்டினேன்.

"கடல்ல போட்டுட்டு வந்துடுங்க அண்ணி. எங்க அண்ணன் ஒரு தடவை செத்தது போதும்."

யாருடையது என்று தெரிந்த பிறகு போடுகிறேன் என்றேன். அவர் திருடர்தான் என்றால் நான் இருபத்திரண்டு வருஷம் யாரைச் சபித்தேன் என்று எனக்குத் தெரியவேண்டும்.

அடுத்த ஊரில் கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பழைய ரீல்களைச் சேர்த்துவைத்திருந்தார். மாடி அறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ரீல். உட்கார ஒரு நாற்காலிதான் இருந்தது, அதிலும் ரீல். நின்றுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் என்னுடையதைப் பிரித்தார்.

இந்த ரீலைச் செய்த கம்பெனி மூடி எழுபது வருஷம் ஆகிறது என்றார். அவர்களுடைய திருகாணிக்கு மரை நெருக்கமாக இருக்கும், இன்று எங்கேயும் கிடைக்காது. இதில் போட்டிருப்பது தையல் மிஷின் திருகாணி.

"இது பழசு இல்லம்மா. பழசு மாதிரி செஞ்சது. செஞ்சவர் கை லேசுப்பட்ட கை இல்லை."

எனக்கு மூச்சு வந்தது. நகலா, அப்படியானால் அவர் திருடவில்லை என்றேன். எஞ்சினியர் தலையாட்டவில்லை. நசுங்கலை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கீழே விழுந்து நசுங்கினால் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்குமாம். இதில் பிதுங்கலே இல்லை. அரத்தின் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. நசுங்கலையும் ராவி எடுத்திருக்கிறார்.

"நசுங்கலை எதுக்குங்க செய்யணும்?"

லென்ஸைக் கழற்றினார். "ஆசைக்குச் செய்யறவன் நசுங்கலை விட்டுட்டுத்தான் செய்வான். அதையும் சேர்த்துச் செஞ்சா, சொந்தக்காரரை ஏமாத்தத்தான். அவர்தானே இருட்டுலகூட அதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பாரு."

அவரே அடுத்ததையும் சொன்னார். உள்ளே, சுற்றும்போது கிர்ரென்று சத்தம் போடும் நாக்கு இல்லை. நாக்கு பொருத்தத் துளைகூடப் போடவில்லை. வெளிவேலை கச்சிதம், உள்வேலை பாதியில் நின்றிருக்கிறது. திருடுகிறவன் நகலைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு நல்லவனாக அடுத்த நாள் வேலைக்குப் போவான். உங்கள் வீட்டுக்காரர் அதைக் கொடுக்கவே இல்லையே. "நடுவுல யார்கூடவோ முறிஞ்சிருக்கு. சரி, நகல் உங்க வீட்டுல இருந்துச்சு. அசல்?"

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த மாதம் முழுக்க அவருடைய பேண்ட் மடிப்பில் பித்தளைத் தூள் விழும். முதலாளி ஸ்பெஷல் வேலை கொடுத்திருக்கிறார் என்பார். ஒருநாள் சாயங்காலம் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "நாளைக்குப் போகலை" என்றார். மறுநாள் காலையில் போலீஸ்.

முதலாளி செய்யச் சொன்னார். இவர் செய்தார். நசுங்கல்வரை செய்துவிட்டு மாட்டேன் என்றார். நகலை வெளியே காட்டினால் அவருக்குச் சாட்சியும் அதுதான், அவர்மேல் குற்றமும் அதுதான். அதனால்தான் வாய் திறக்கவில்லை. அசல் கடைக்காரரிடம்தான் இருக்க வேண்டும், ஊரே தேடிய பொருளை அவர் யாரிடம் விற்பார். பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. அவர்மேல் கோபம் வந்தது. ஊர் வந்து இறங்கும்போது அந்தக் கோபமும் கடைக்காரர் பக்கமே திரும்பியிருந்தது. அதற்குத்தான் வழி பழக்கமாயிற்றே.

மறுநாள் பல் டாக்டரிடம் போய் டோக்கன் வாங்கினேன். இந்தத் தடவை வாங்கியே தீருவது என்று விடியற்காலையிலேயே போய் நின்றேன். நாற்காலியில் சாய்ந்ததும் வாயைத் திறக்காமல் பையைத் திறந்தேன். ரீலை வாங்கியவரின் கட்டைவிரல் நேராக நசுங்கலுக்குப் போனது. அவர் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆனது. அப்புறம் கைப்பிடியைச் சுற்றினார். சத்தம் இல்லை.

"இது இல்லை" என்றார்.

அசல் வேண்டுமானால் நாளைக்குக் கடைக்கு வாருங்கள், கோல்களுக்குப் பின்னால் நின்று தூண்டில் முள் பார்க்கிற மாதிரி பாருங்கள், வாய் மட்டும் திறக்காதீர்கள் என்றேன். பல் டாக்டரிடம் அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

கடைக்காரருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பார்வை மங்கல், காது கூர்மை. கல்லாவுக்குப் பின்னால் அதே நாற்காலி. டாக்டர் எனக்கு முன்பே வந்து கோல்களுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். நான் ரீலை வெளியே எடுத்தேன். அது சுற்றாதபடி கைப்பிடியை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தேன்.

"சாகறதுக்கு முன்னாடி இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு" என்றேன்.

அவர் சிரித்தார். "இப்பவாவது வந்துச்சே. ரீலு கடைசியில ரீலைக் குடுத்துட்டானா?"

"ஆமாங்க. அவர் திருடினதுதான்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது அன்றைக்கு ஒருமுறைதான். நாக்கில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இருந்தும் மேலே சொன்னேன்.

"வேலையை விட்டு நின்ன அன்னைக்கே மாத்தி வெச்சுட்டாராம். அவர் செஞ்சதை நாக்கும் போட்டு உங்க இடத்துல வெச்சுட்டு, அசலை எடுத்துக்கிட்டாராம். நீங்க இத்தனை நாளாக் காவல் காத்தது இவர் செஞ்சதைத்தானாம்."

அவர் விரல் நீண்டு வந்து நசுங்கலைத் தடவியது. தடவிய விரல் நின்றது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சுற்றப் பார்த்தார், வரவில்லை. துருப்பிடித்துவிட்டது என்றேன். என்னை இருக்கச் சொல்லிவிட்டு, கல்லாவைப் பிடித்து எழுந்து, வலைக்கட்டுகளைத் தாண்டிப் பின்னறைக்குப் போனார். அந்த வயதுக்கு அது நடை இல்லை, ஓட்டம்.

ஏதோ டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது. பிறகு, கிர்ர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம். அசல்தானா என்று சுற்றிப் பார்க்கிறார். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவையும் சுற்றினார்.

கோல்களுக்குப் பின்னாலிருந்து டாக்டர் வந்தார். தூண்டில் முள் அவர் விரலில் ஏறியிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. நேரே பின்னறைக்குப் போனார். உள்ளே யாரும் கத்தவில்லை. கடையில் இருந்த நாலைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் ரீலோடு திரும்பி வந்தார். பின்னால் கடைக்காரர், தலை கவிழ்ந்தபடி. நான் எத்தனையோ வருஷம் மனசுக்குள் பார்த்த காட்சி. நினைத்ததைவிட அவர் குள்ளமாக இருந்தார், அவ்வளவுதான்.

டாக்டர் இரண்டு ரீலையும் கண்ணாடி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு நசுங்கலைத் தடவினார், அடுத்ததைத் தடவினார். மறுபடி முதலாவதைத் தடவிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. யாரை ஏமாற்ற அந்த நசுங்கல் செய்யப்பட்டது என்று அவர் விரலுக்குத் தெரியாதா. ஆனால் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"நான் தப்பா நினைச்சுட்டேன்" என்றார். "எப்ப வேணும்னாலும் கிளினிக்குக்கு வாங்க. டோக்கனே வேண்டாம்."

வாயைத் திறந்து கடைவாயில் இருந்த ஓட்டையைக் காட்டினேன். "வேலை முடிஞ்சுபோச்சு டாக்டர்."

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நான் என்னுடைய ரீலை எடுத்துப் பையில் போட்டேன். வாசல்படி இறங்கும்போது பின்னாலிருந்து கடைக்காரரின் குரல் வந்தது. வேறு எதுவும் மிச்சமில்லாத மனுஷனின் குரல்.

"அதை வெச்சுட்டுப் போ. அந்தப் பித்தளை என் கடையோடது."

உண்மைதான். அவருடைய பித்தளைதான். திரும்பி நின்றேன்.

"ஆமாங்க, திருட்டுப் பொருள்தான். போலீஸைக் கூப்பிடுங்க. வீடு உங்களுக்குத் தெரிஞ்ச வீடுதான். தலையணை இந்தத் தடவை புதுசு."

யாரும் வரவில்லை. ரீல் என் கணவரின் வேலை மேஜைமேல் இருக்கிறது. கடலில் போடவில்லையா என்று நாத்தனார் இன்றுவரை கேட்கிறாள். தூசி துடைக்கும்போது என் விரலும் அந்த அரத்தின் கோடுகளுக்குத்தான் முதலில் போகிறது.